கத்தரிக்காட்டு வரப்புக்கு வாங்கிய ஆவாரை நாற்றுகள்

முந்தின ஆண்டு ஆடி மாதம், தாராபுரம் பக்கமுள்ள ஒரு நாற்றுப்பண்ணையில் 12 ஆவாரை நாற்றுகளை, ஒன்று 25 ரூபாய் வீதம் வாங்கிக் கத்தரிக்காட்டு வரப்பில் நட்டேன். கொறங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், தானாக முளைக்கிற செடிக்குக் காசு கொடுப்பதா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் எங்கள் ஊர்க் கொறங்காடுகள் வீட்டுமனைகளாகிவிட்டதால், பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டத் தேவையான ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும்கூடச் சந்தையில்தான் வாங்குகிறோம்.

நாற்றுகள் பார்வைக்குச் செழிப்பாகவே இருந்தன. குறை, பையைக் கிழித்தபோது தெரிந்தது. ஆணிவேர் நேராக இறங்க வேண்டிய செடியைப் பையிலேயே நெடுநாள் வைத்திருந்ததால், வேர் அடியில் சுருண்டு கிடந்தது; நான்கு நாற்றுகள் ஒரு மாதத்திற்குள் பட்டுப்போயின. இன்னொன்று ஆவாரையே இல்லை. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல அகன்ற இரு சிற்றிலைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். தாவரவியல் பெயரிலுள்ள ‘ஆரிகுலேட்டா’ என்ற சொல்லும் ‘காதுடையது’ என்றே பொருள்படும். சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளில் களையாகப் பரவி, வனத்துறை அகற்றிவரும் அயல்நாட்டு மஞ்சள் கொன்றையும் இதே பேரினத்தைச் சேர்ந்தது என்பதால், இந்தச் சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம்.

பிழைத்த ஏழும் இந்த மார்கழியில் பூத்துக் குலுங்கின. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு, அதுவும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவரும். காலையில் வரும் கருவண்டு பூவை இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமல் உடலை மட்டும் அதிரவைக்கிறது. பறக்கும்போது எழுவதைவிடக் கூர்மையான ஒரு ரீங்காரம் கேட்கிறது, மறுகணம் அதன் கரிய வயிற்றில் மஞ்சள் தூள் படிகிறது. நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்களால் இப்படி அதிரவைக்க முடியாது. கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் இதே அமைப்புக் கொண்டவை என்பதால்தான், ஆவாரையைக் காட்டின் நடுவே அல்லாமல் வரப்பில் வைத்தேன். ஆவாரைக்கு வந்த வண்டு அடுத்த பாத்தியில் கத்தரிப்பூவிலும் தொங்குவதை நாள்தோறும் பார்க்கிறேன்.

வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டையிட்டு, பச்சைப் புழுக்கள் சில கிளைகளை மொட்டையாக்கின. மருந்து அடிக்கவில்லை, அடுத்த மழைக்கே தழைத்துவிட்டன.

நாற்றின் தரத்திற்கு ஐந்துக்கு மூன்று, செடிக்கு முழு மதிப்பெண். பண்ணைக்காரரிடம் வேரைக் காட்டிச் சொன்னபோது அவர் மறுக்காமல் கேட்டுக்கொண்டார். வரும் ஆடிக்கு, இரண்டு மாதத்திற்கு மேற்படாத இளநாற்றாக 10 வேண்டுமென்று அவரிடமே சொல்லிவைத்திருக்கிறேன்.