அல்சூர் ஏரி: கரைக்கு நாலு மதிப்பெண், படகுக்கு இரண்டரை

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் பெங்களூருத் தமிழ் வீடுகளில் அல்சூர் ஏரி பேச்சு எப்படியும் வந்துவிடும். எம்.ஜி. ரோடு பக்கம், கோயில் பக்கம், திருவள்ளுவர் சிலையும் பக்கம். ஆனால் கூட்டிப்போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. வண்டி நிறுத்த இடம் தேடி அரை மணி போகும், படகுச் சீட்டு ஜன்னல் சாத்தியிருக்கும், ஆளுக்கொரு சுட்ட சோளம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஏரி மேல் குற்றமில்லை, போன நேரம்தான் தப்பு. காலை ஆறரைக்குள் அங்கே இருந்தால் அதே ஏரி வேறு மாதிரி இருக்கும்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முதல் புகாரே அந்த வாசனைதான். பெங்களூருக்குள் பெரிய ஆறு கிடையாது. இங்கிருப்பதெல்லாம் கரை கட்டித் தேக்கிய ஏரிகள். ஒன்று நிரம்பினால் ராஜகால்வாய் வழியாக அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். அல்சூரில் மிஞ்சும் தண்ணீர் கடைசியில் பெள்ளந்தூர் ஏரிக்குப் போய்ச் சேரும். ஊரை உருவாக்கிய கெம்பே கவுடர் வம்சத்தார் காலத்து ஏரி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைசூரின் ஆங்கிலேய ஆணையராக இருந்த லெவின் பௌரிங் காலத்தில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரி அவர் பேரில்தான் இருக்கிறது. மழைத்தண்ணீர் வருவதற்கென்று வெட்டிய கால்வாயில் சாக்கடையும் சேர்ந்து வருவதால், அது வந்து விழும் மூலையில் நாற்றம் இருக்கத்தான் செய்யும். அந்த மூலையைத் தாண்டி நூறு அடி நடந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தண்ணீர் பச்சையாக இருப்பது பாசியால். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கோடையில் தண்ணீர் சூடேறி, கூடவே கழிவும் சேர்ந்தால் மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கும். 2016 மார்ச்சில் இங்கே ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தது ஊரறிந்த செய்தி. மார்ச் முதல் மே வரையும், முதல் பெருமழை கால்வாயைக் கழுவிக்கொண்டு வருகிற இரண்டு மூன்று நாளும் அல்சூருக்கு ஏற்ற நாட்கள் அல்ல. விநாயகர் சதுர்த்திக்குப் பிறகு ஒரு வாரமும் அப்படித்தான். சிலை கரைக்கத் தனிக் குளம் இருந்தாலும் நெரிசல் அந்தப் பக்கமே இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

போவதற்கு மெட்ரோதான் நல்லது. ஊதா வழித்தடத்தில் அல்சூரிலோ டிரினிட்டியிலோ இறங்கினால் பதினைந்து இருபது நிமிட நடை. கழிப்பறை வேலையை ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளுங்கள், ஏரிக்கரையில் நம்பிப் போக முடியாது. கார் வேண்டவே வேண்டாம்.

நடைபாதை ஏரியை முழு வட்டமாகச் சுற்றாது. ஒரு பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற எம்.இ.ஜி. ராணுவப் பகுதி, அங்கே வேலிதான். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், காவலர் கூப்பிட்டுக் கேட்பார். மற்றபடி கரையோரம் நிழல் தாராளம். காலில் பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ இருக்கட்டும். தண்ணீரைத் தொடும் படிகளில் பாசி வழுக்கும், காய்ந்தது போலத் தெரியும் படியில்தான் ஆள் விழுவது.

கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்று ஒரு பொருள் சொல்ல வேண்டுமென்றால் நீர்க்காகம். நடுவிலுள்ள தீவு மரங்களில் கூட்டமாக அடையும். காலையில் முங்கி மீன் பிடித்துவிட்டு, பட்டுப்போன கிளையில் ஏறி இரண்டு இறக்கையையும் விரித்து, துணி உலர்த்துவது மாதிரி அசையாமல் நிற்கும். அதன் இறகு வாத்தின் இறகு போலத் தண்ணீரை உதறாது, நனைந்துவிடும். நனைந்து கனப்பதால்தான் ஆழத்துக்கு முங்க முடிகிறது. அந்த வசதிக்குக் கொடுக்கிற விலைதான் இந்தக் காய்தல். கூடவே மடையான், கொக்கு, மீன்கொத்தி, நாமக்கோழி எல்லாம் தென்படும். மேலே வட்டமிடுவது கரும்பருந்து. பொரியும் பிரெட்டும் தண்ணீரில் போடாதீர்கள். மீன் தின்னாமல் விட்டது அழுகி, இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் குடிக்கும்.

இனி படகு. இங்கே படகுச் சேவை அவ்வப்போது நிற்பதும் திரும்ப ஆரம்பிப்பதுமாக இருக்கும். தூர்வாரும் காலத்தில் படகு கரையேறிவிடும். அதனால் குழந்தைகளிடம் வாக்குக் கொடுக்குமுன் அன்றைக்கு ஓடுகிறதா என்று விசாரித்துவிடுங்கள். கட்டணம் தலைக்கா படகுக்கா, எத்தனை நிமிடத்துக்கு என்று ஜன்னலிலேயே கேட்டு, சில்லறையாகக் கொடுப்பது உத்தமம்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டினால் போதாது. பக்கிளைப் பூட்டி, பட்டையை இழுத்து இறுக்கி, இன்னொருவரை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவில்லை. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே நிற்கும், ஆள் கீழே போவார். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவதை யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பக்கிள் உடைந்ததையும், நுரை உள்ளே பொடிந்ததையும் தயங்காமல் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள்.

ஏறும்போது ஒருவர் பின் ஒருவராக, படகின் நடுவில் கால் வைத்து ஏறி உடனே உட்கார வேண்டும். கனமானவர்கள் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் படகு சாய்ந்து, எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கமாகவே இழுக்கும். புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிவிடுங்கள், மிதிக்கட்டையில் சுற்றிக்கொள்ளும்.

மிதிபடகில் நிறையப் பேர் திணறுவது சுக்கானில்தான். நடுவிலுள்ள கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் சில படகு இடப்பக்கம் திரும்பும், சிலது நேர்மாறாக. கரையை விட்டுப் பத்து மீட்டருக்குள் இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமில்லை. இன்னொன்று: மிதிப்பதை நிறுத்தினால் சுக்கானுக்கு வேலையே இல்லை. தண்ணீர் அதைக் கடந்து ஓடினால்தான் படகு திரும்பும். எதிரே வேறு படகு வரும்போது பதறிக் காலை எடுத்துவிட்டுக் கைப்பிடியை மட்டும் முறுக்குவதால்தான் மோதல். மிதித்துக்கொண்டே திருப்புங்கள். மிதி திடீரென்று இறுகினால் ஆகாயத்தாமரையோ பிளாஸ்டிக் பையோ சக்கரத்தில் சுற்றியிருக்கும். சக்கரத்துக்குள் கையை நுழைக்காமல், நாலு சுற்றுப் பின்னோக்கி மிதித்தால் பெரும்பாலும் அவிழும். அவிழாவிட்டால் கரைக்குக் கை காட்டிவிட்டு உட்கார்ந்திருங்கள். யாரும் எழுந்து நிற்க வேண்டாம்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் போவதும் வழக்கமான தவறு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கும், பிற்பகலில் வலுக்கும். காற்றோடு போகிற பாதி தூரம் சுகமாக இருக்கும், திரும்பி வருவதற்கு இரண்டு மடங்கு நேரமும் தொடைவலியும். முதலில் காற்றுக்கு எதிரே மிதித்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புவதே புத்தி. அரை மணிச் சீட்டு என்றால் பதினெட்டாவது நிமிடம் திரும்பத் தொடங்கலாம்.

இதையெல்லாம் செய்தாலும் படகுக்கு இரண்டரைக்கு மேல் மதிப்பெண் கொடுக்க மனம் வரவில்லை. தீவுகளை நெருங்கவிட மாட்டார்கள், பறவைகளுக்காக அது சரியும்கூட. ஆகவே நடுத்தண்ணீரில் ஒரு வட்டம், அவ்வளவே. கரையில் நடப்பவர் அதைவிட அதிகம் பார்க்கிறார்.

ஊர் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் ஏமாற்றும். குளுகுளு காற்றில் தெரியாது, சாயங்காலம் கழுத்து எரியும்போது தெரியும். தொப்பி கட்டாயம். மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் பிற்பகலுக்கு மேல் இடி மழை வரும். முதல் இடிச் சத்தம் கேட்டதுமே தண்ணீரைவிட்டு வந்துவிட வேண்டும், மரத்தடியிலும் ஒதுங்கக் கூடாது.

எட்டரைக்கு வெயில் ஏறியதும் பக்கத்துத் தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சின்ன ஓட்டல்) தட்டு இட்லியோ காரா பாத் என்கிற ரவை உப்புமாவோ முடித்துக்கொண்டு, சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இந்த வரிசைதான் சரி. சோழர் காலத்துக் கோயில், விஜயநகர காலத்தில் விரிந்தது. உள்ளே கும்பிட்டுவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள். வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள்: கைலாயத்தைத் தூக்கும் ராவணன், பார்வதி கல்யாணம், கூடவே நம் நாயன்மார்களும் கல்லில் நிற்கிறார்கள். கன்னட ஊரின் நடுவே அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

வள்ளுவர் சிலையைப் பலரும் ஆட்டோவிலிருந்தபடியே பார்த்துவிட்டுப் போகிறார்கள். எதிர்ப்பால் திறக்க முடியாமல், 1991 முதல் பதினெட்டு ஆண்டு துணி போர்த்தி நின்ற சிலை அது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, அப்போது இரு மாநில முதல்வர்களாக இருந்த கலைஞரும் எடியூரப்பாவும் சேர்ந்து திறந்தார்கள். அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. கதை தெரிந்தவர் இறங்கி ஐந்து நிமிடம் நிற்பார். பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் இதே அல்சூரில்தான், நூலகப் பிரியர்கள் அங்கே ஒரு எட்டு போய்வரலாம்.

நடைக்கு மட்டும் இடம் வேண்டுமென்றால் 1882இல் கட்டிய சாங்கி ஏரி இதைவிடச் சுத்தம். கூழைக்கடா பார்க்க ஹெப்பாள் அல்லது ஜக்கூர், பைனாகுலர் இல்லாமல் போனால் பாதி வீண். மாலைதான் நேரம் ஒத்துவரும் என்கிறவர்கள் அல்சூரை விட்டுவிட்டு லால்பாக் போவது மேல்: மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி லால்பாக் ஸ்டேஷனில் இறங்கி, ஏரிக்கரை வழியாக நடந்து, கெம்பே கவுடர் கோபுரம் நிற்கிற பாறைமேல் ஏறிவிடுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், ஜூனில் ஆறே முக்கால் ஆகும். ஏழு மணிக்கு வாசல் அடைப்பார்கள், அதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும்.