டேப் சுற்றி இறக்குவதா, பெஞ்சில் இருப்பவரை இறக்குவதா?

கால்பந்து வீரர் ஒருவர் காயம்பட்டால், வடசென்னையின் வியாசர்பாடி மைதானங்களில் சீசன் நடுவே அடிக்கடி எழும் கேள்வி இது. முதலில் எந்தக் காயம் என்று பாருங்கள்.

லேசாகப் பிசகிய கணுக்கால் என்றால், மூட்டை இறுக்கிப் பிடிக்கும் ஒட்டுப்பட்டையான டேப் கைகொடுக்கும். ஆனால் வியர்வையும் அசைவும் சேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் பிடிமானம் தளர ஆரம்பிக்கும். இடைவேளையில் புதிதாகச் சுற்ற வேண்டும். இறக்குமுன், அடிபட்ட காலில் மட்டும் குதிக்கச் சொல்லுங்கள். நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வராவிட்டால் உட்கார வையுங்கள்.

தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங் வேறு கதை. நடக்கும்போது வலிக்காது, முழு வேகத்தில் ஓடும்போதுதான் கிழியும். ஒரு வார ஓய்வில் முடிந்திருக்க வேண்டியது ஆறு வாரத்துக்கு இழுக்கும். வலி மாத்திரை போட்டு இறக்குவது இன்னும் மோசம்: எச்சரிக்கும் வலியே தெரியாமல் போகும்.

பெஞ்ச் வீரரிடம் காலில் வலு இருக்கும், ஆட்டப் பழக்கம் இருக்காது. எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைக்க மற்ற தற்காப்பு வீரர்களோடு ஒரே கோட்டில் நிற்பதில் பின்தங்குவார். வாரம் 20 நிமிடமாவது களம் கண்டவர் என்றால் இந்தக் குறை ஓரளவு தீரும். ஐந்து மாற்றங்கள் அனுமதிக்கப்படும் போட்டிகளில் ஆட்டத்தின் நடுவே மூன்று இடைநிறுத்தங்களில் மட்டுமே வீரர்களை மாற்றலாம். இடைவேளை மாற்றம் அந்தக் கணக்கில் சேராது.

ஒரு வீரரின் காயம் அணியை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2017-18இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வென்ற ‘சென்னையின் எஃப்.சி.’ அணி, அடுத்த சீசனில் கடைசி இடம். அதே வியாசர்பாடியின் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் அந்த சீசனில் இல்லை. அது மட்டுமே காரணமல்ல. ஆனாலும் நடுக்களத்தில் அந்த வெற்றிடம் தெரிந்தது.

ஹாம்ஸ்ட்ரிங் என்றால் யோசிக்காமல் பெஞ்ச்தான்.