வீட்டிலுள்ளோர் சேர்ந்து ஆட ரூக் சீட்டுக்கட்டு: ஒரு மதிப்புரை

ரூக் சீட்டுக்கட்டில் ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய படச் சீட்டுகள் இல்லை. கருப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் நான்கு நிறங்களில் 1 முதல் 14 வரை எண்ணிட்ட 56 சீட்டுகளும், காக்கை இனத்துப் பறவை ஒன்றின் படம் தாங்கிய தனிச் சீட்டு ஒன்றுமாக, மொத்தம் 57 சீட்டுகள் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் ஜார்ஜ் பார்க்கர் 1883-இல் தொடங்கிய பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1906-ஆம் ஆண்டு இதனை வெளியிட்டது. படச் சீட்டுகளைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பார்த்து, அவற்றை வீட்டுக்குள் அனுமதிக்க மறுத்த கண்டிப்பான கிறித்தவக் குடும்பங்கள் அக்காலத்து அமெரிக்காவில் ஏராளம்; அவர்களும் மனத்தடையின்றிக் கையில் எடுக்கக்கூடிய ஒரு கட்டாக இது அமைந்ததால், மெனோனைட்டுகள் என்னும் கிறித்தவப் பிரிவினர் போன்றோரின் வீடுகளிலும் இடம்பிடித்தது. நூறாண்டைக் கடந்தும் ஆட்டம் வழக்கொழியாமல் நிற்பதற்குக் காரணம் அதுமட்டுமல்ல என்பது ஆடிப் பார்த்தால் விளங்கும். வயதிலும் பழக்கத்திலும் வேறுபட்டவர்களை ஒரே அணியில் உட்காரவைத்து, இருவரையும் ஒருவரையொருவர் உன்னிப்பாகக் கவனிக்கச் செய்வதில் எனக்குத் தெரிந்த சீட்டாட்டங்களில் இதற்கு இணையானது இல்லை.

ஆட்டத்தின் அடிப்படை, பிடி எடுக்கும் எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவானது. ஒருவர் ஒரு சீட்டை இறக்க, மற்ற மூவரும் கையில் இருந்தால் அதே நிறத்தைப் போட்டாக வேண்டும். இல்லையென்றால் துருப்பு, அதாவது அந்த ஆட்டத்தில் மற்ற நிறங்களை வெல்லும் நிறம், போட்டு வெட்டலாம், அல்லது வேண்டாத சீட்டைக் கழிக்கலாம். உயர்ந்த சீட்டை இறக்கியவர் நான்கையும் அள்ளிக்கொள்வார். அடுத்த பிடியைத் தொடங்குபவரும் அவரே. எதிரெதிரே அமர்ந்த இருவர் ஓர் அணி.

ரூக் கட்டை வைத்துப் பல ஆட்டங்கள் ஆடலாம் என்றாலும், குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது கென்டக்கி டிஸ்கார்ட் என்னும் வகையைத்தான். இதில் 1, 2, 3, 4 ஆகிய எண்களை எல்லா நிறங்களிலிருந்தும் எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். மீதமுள்ள 41 சீட்டுகளில் ஆளுக்கு 9 வீதம் பங்கிட்டு, எஞ்சும் 5 சீட்டுகளை நடுவில் கவிழ்த்து வைக்கிறார்கள். அதற்குக் கூடு என்று பெயர். எண்ணிக்கையில் எத்தனை பிடி எடுத்தோம் என்பது இங்கே பொருட்டல்ல, அவற்றுக்குள் என்ன சிக்கியது என்பதே கணக்கு. ஒவ்வொரு 5-க்கும் 5 புள்ளி, ஒவ்வொரு 10-க்கும் 14-க்கும் 10 புள்ளி, காக்கைச் சீட்டுக்கு 20 புள்ளி. ஆக மொத்தம் 120. எஞ்சிய 28 சீட்டுகளுக்கு மதிப்பே கிடையாது. நான்கு வெற்றுச் சீட்டுகள் விழுந்த பிடியை எதிரணிக்கு விட்டுக்கொடுப்பதில் இழப்பு இல்லை என்ற இந்த ஏற்பாடு, எல்லாவற்றையும் வென்றாக வேண்டும் என்று துடிக்கும் குழந்தைகளுக்கு முதலில் புதிராக இருக்கும். பிறகு அவர்களே கையிலுள்ள 6-ஐயும் 7-ஐயும் பொறுமையாகக் கழித்துவிட்டு, 14-ஐ இறக்குவதற்கான தருணம் பார்த்துக் காத்திருக்கத் தொடங்குகிறார்கள்.

ஆட்டத்தின் உயிர் ஏலத்தில் இருக்கிறது. சீட்டுகளைப் பார்த்தபின், தம் அணி எத்தனை புள்ளி எடுக்கும் என்று ஒவ்வொருவரும் 70-இல் தொடங்கி ஐந்தைந்தாக உயர்த்திக் கேட்க வேண்டும். மொத்தப் புள்ளியில் பாதி 60 என்பதால், மிகக் குறைந்த ஏலமே பாதியைத் தாண்டிய ஒரு வாக்குறுதி ஆகிவிடுகிறது. ஏலம் எடுத்தவர் கூட்டிலுள்ள ஐந்து சீட்டுகளையும் கையில் சேர்த்து, வேண்டாத ஐந்தை மீண்டும் கவிழ்த்து வைத்துவிட்டுத் துருப்பு நிறத்தை அறிவிப்பார். கேட்ட அளவை எட்டினால் எடுத்த புள்ளிகள் கணக்கில் சேரும். எட்டாவிட்டால் கேட்ட தொகை முழுவதும் கழிக்கப்படும். 95 கேட்டு 90 மட்டுமே எடுத்த அணிக்கு அந்த ஆட்டத்தில் 95 குறைய, எதிரணி தான் எடுத்த 30-ஐ அப்படியே வைத்துக்கொள்ளும். முதலில் 300 புள்ளியைத் தொடும் அணி வெல்லும் என்பதால், இப்படிப்பட்ட ஒரு சறுக்கல் நெடுநேரம் வலிக்கும்.

இந்த ஏலத்தில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம், ஒருவர் கேட்பதற்கு இருவர் பொறுப்பாக நேர்வதுதான். கூட்டாளியின் ஒன்பது சீட்டுகளும் நமக்குத் தெரியா. அவர் 80 கேட்டபின் நாம் 85 என்று உயர்த்தினால், அவர் கையை நம்பியும் நம் கையே மேலானது என்று கருதியும் உயர்த்துகிறோம். அவர் சட்டென்று விலகிக்கொண்டால், அதுவும் ஒரு செய்திதான். பேசிக்கொள்ள அனுமதி இல்லாத நிலையில், தாத்தாவின் நிதானமான ஏலத்துக்கும் பேத்தியின் துணிச்சலான ஏலத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவருக்கொருவர் புரிந்துகொண்டு ஈடுகொடுப்பதில் அந்த அணியின் முழுத் திறமையும் வெளிப்படுகிறது. மூத்தவர் நினைவாற்றலில் தளர்ந்திருந்தாலும் ஏலத்தில் பிழை செய்யமாட்டார். சிறுவருக்கு ஏலம் பிடிபடாவிட்டாலும் எந்த நிறம் யாரிடம் தீர்ந்தது என்பது மறக்காது. இருவரும் ஓர் அணியில் சேர்ந்தால் எதிரணியின் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கும் அவர்கள் சவால்தான்.

கற்றுக்கொடுப்பவர்கள் இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. துருப்பு நிறத்தில் 5 முதல் 14 வரை பத்துச் சீட்டுகள், அவற்றோடு காக்கையும் சேர்த்துப் பதினொன்று. விழ விழ இந்தப் பதினொன்றை மட்டும் எண்ணிக்கொண்டே வந்தால் பாதி ஆட்டம் கைவசமாகிவிடும். இரண்டாவது, கடைசிப் பிடியை எடுப்பவருக்கே கூட்டிலுள்ள சீட்டுகளும் சேரும் என்பது. ஏலம் எடுத்தவர் கூட்டில் ஒரு 10-ஐயோ 14-ஐயோ புதைத்திருந்தால், ஒன்பதாவது பிடிக்காக ஒரு துருப்பை மிச்சம் வைத்திருப்பவரிடம் அந்தப் புள்ளிகளும் போய்ச் சேரும். துருப்புகளையெல்லாம் முன்கூட்டியே செலவழித்துவிட்டு, கடைசியில் ஒரு பச்சை 6-உடன் உட்கார்ந்திருக்கும் நிலைமை ஒருமுறை நேர்ந்தால், அதன்பின் எவருக்கும் இந்தப் பாடத்தை நினைவூட்ட வேண்டியிருக்காது.

எதிர்த்து ஆடுவோருக்கும் இங்கே போதிய வேலை உண்டு. 70 கேட்ட அணியை முறியடிக்க 55 புள்ளி வேண்டும்; கூட்டாளி ஒரு 14-ஐ இறக்கியதும் கையிலுள்ள 10-ஐ அதன்மேல் போட்டு இருபதாக்குவதா, அல்லது அடுத்து ஆடப்போகிறவர் துருப்பால் வெட்டிவிடுவாரோ என்று அஞ்சி வெற்றுச் சீட்டைப் போடுவதா என்று ஒவ்வொரு பிடியிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தம் சீட்டுகளை மேசையில் விரித்துவைத்துவிட்டு அந்த ஆட்டம் முடியும்வரை சும்மா இருக்க வேண்டும். ஹார்ட்ஸ் ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் எதிரி, கூட்டணிக்கே இடமில்லை. ரூக் ஆட்டத்தில் நால்வரும் கடைசிச் சீட்டு வரை ஆட்டத்துக்குள் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு துணையும் இருக்கிறது. குடும்பத்தோடு அமர்ந்து ஆட இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறென்ன வேண்டும்?

வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. வழக்கமான 52 சீட்டுக் கட்டிலிருந்து 2, 3, 4 ஆகியவற்றை எடுத்துவிட்டு ஒரு ஜோக்கரைச் சேர்த்தால், அங்கும் 41 சீட்டுகள்தான் இருக்கும். ஆஸை 14-ஆகவும் ஜோக்கரைக் காக்கையாகவும் கொண்டு இதே ஆட்டத்தை ஒரு குறையும் இல்லாமல் ஆடலாம். சீட்டில் பழகிய பெரியவர்கள் மட்டுமே ஆடுவதென்றால் அதுவே போதும். ஆனால் எண்களை இப்போதுதான் கற்றிருக்கும் குழந்தை ஆட்டத்தில் இருந்தால், ஜாக்கி பெரியதா ராணி பெரியதா என்ற தயக்கத்துக்கு இடமின்றி, 13-ஐவிட 14 பெரியது என்று சீட்டைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளும் வசதிக்காகவே ரூக் கட்டை வாங்கலாம் என்பேன். ஓர் எச்சரிக்கையும் உண்டு: இங்கே நிறம்தான் இனம் என்பதால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் வீட்டில் இருந்தால் இது அவர்களுக்குத் தொல்லையாகும். பேனாவால் எல்லாப் பச்சைச் சீட்டுகளின் மூலையிலும் ஒரேமாதிரி சிறு புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்துவிடும். சீட்டின் முகப்பில் வைக்க வேண்டும், பின்புறத்தில் கூடாது.

வீட்டுக்கு வீடு விதிகள் மாறும் ஆட்டம் இது. காக்கையைச் சிலர் எல்லாத் துருப்புக்கும் மேலானதாகவும், சிலர் எல்லாவற்றுக்கும் கீழானதாகவும், வேறு சிலர் 10-க்கும் 11-க்கும் இடைப்பட்டதாகவும் கொள்கிறார்கள். மேலானதாக வைத்தால் அது யாரிடம் சேர்கிறதோ அவருக்கு வலிமை கூடும். கீழானதாக வைத்தால் 20 புள்ளியைச் சுமந்துகொண்டு பாதுகாப்பான பிடி தேடி அலையும் சீட்டாகிவிடும். எனக்குப் பின்னதே சுவையாகப் படுகிறது. ஆயினும் புதியவர்கள் இருக்கும்போது முன்னதுதான் எளிது. கூட்டில் புள்ளிச் சீட்டுகளைப் புதைக்கலாமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. சீட்டைப் பங்கிடுவதற்கு முன்பே இவ்விரண்டையும் பேசி முடித்துவிட வேண்டும். ஆட்டம் பழகியபின் ஒதுக்கிவைத்த 1-களையும் சேர்த்து, அவற்றை 14-க்கும் மேலானவையாக, ஒவ்வொன்றுக்கும் 15 புள்ளி மதிப்போடு ஆடிப் பார்க்கலாம். அப்போது கையில் பத்துச் சீட்டுகள், மொத்தப் புள்ளி 180.

ஐந்தாவதாக ஒருவர் வந்து அமர்ந்தாலும் ஆட்டம் தடைபடாது என்பது இந்தக் கட்டின் இன்னொரு நன்மை. ஏலம் எடுத்தவர் தம்மிடம் இல்லாத ஒரு சீட்டைப் பெயர் சொல்லி அழைக்க, அதை வைத்திருப்பவர் அந்த ஆட்டத்துக்கு மட்டும் அவருடைய கூட்டாளி ஆகிறார். அந்தச் சீட்டு மேசைக்கு வரும்வரை அவர் யாரென்று வேறு எவருக்கும் தெரியாது. ஆட்டத்துக்கு ஆட்டம் அணி மாறுவதால், நிலையான கூட்டாளியோடு வளரும் புரிதலுக்கு இதில் வாய்ப்புக் குறைவுதான். ஆனால் மஞ்சள் 14-ஐ ஒளித்துவைத்துக்கொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பதில் சிறுவர்கள் அடையும் மகிழ்ச்சிக்காகவே இவ்வகையையும் அவ்வப்போது ஆடலாம்.