கிராஸ்குளோக்னர் குளிரும் சூடேறும் உள்சட்டையும்

செப்டம்பர் கடைசியில் ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலையில் பைக் ஓட்டினேன். 1935-ல் திறந்த சாலை. 48 கிலோமீட்டர், எண் போட்ட 36 கொண்டை ஊசி வளைவுகள். பெர்லைட்டன் சுங்கச்சாவடியில் நல்ல வெயில். பத்தாவது வளைவு தாண்டுவதற்குள் கிளட்ச் விரல்கள் மரத்துவிட்டன.

வாடகை பைக்கில் கைப்பிடி சூடாகும் வசதி இருந்தது. ஆனால் அது உள்ளங்கைக்கு மட்டும்தான். காற்று அறைவதோ புறங்கையில். என்னைக் காப்பாற்றியது 12 வோல்ட் உள்சட்டை. பைக் பேட்டரியிலிருந்து வரும் வயரைச் செருகினால் ஒரு நிமிடத்தில் முதுகில் இதமான சூடு பரவுகிறது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் முதலில் விரல்களைத்தான் கைவிடும். நெஞ்சு சூடாக இருந்தால் விரலும் பிழைக்கும், அவ்வளவுதான் கணக்கு.

உடம்போடு ஒட்டிய அளவாகப் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் எடுத்தது தொளதொள. சூடு உடம்பில் படவே இல்லை, மாற்ற வேண்டியதாயிற்று.

ஒரு குறை உண்டு. பொத்தான் சுண்டைக்காய் அளவு. தடித்த கையுறையோடு அழுத்த முடியவில்லை. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒவ்வொரு முறையும் ஓரமாக நிறுத்தினேன். அதைத் தயாரிப்பாளர் கட்டாயம் மாற்ற வேண்டும்.

அப்புறம், 2571 மீட்டர் உயர எடெல்வைஸ் முனைக்கு ஏறும் வழி முழுக்கக் கல் பாவியது. ஈரத்தில் வழுக்கும். அங்கே பிரேக்கை விரல் நுனியால் உணர முடிந்ததே, அதற்காகவே கொடுத்த காசு தகும்.