நெஞ்செரிவுக்குக் ‘கஸ்ரைற்றிஸ் பக்கேஜ்’ எடுக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கோ

வலிகாமத்தில் கடை வைத்திருக்கும் 54 வயதுக்காரர் ஒருவர், நாலு வருடமாக ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போய்வந்த துண்டுகள், ரிப்போட்டுகள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் சேர்த்து வைத்திருந்தார். அவரும் மனைவியும் அந்தப் பையைத் தந்து, மற்றச் சனமாவது தப்பட்டும் என்று எழுதச் சொன்னார்கள். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த இடத்தில் என்ன பிழை நடந்தது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

அவர் முதல் நாள் சொன்ன முறைப்பாடு துண்டிலேயே இருக்கிறது: இரவு படுத்தால் நெஞ்செரிவு, தொண்டை வரை புளித் தண்ணி, விடியப்புறம் இருமல். கடை பூட்ட ஒன்பது மணி, பத்து மணிக்குப் புட்டும் கறியும், உடனே படுக்கை. இதைக் கேட்டாலே போதும், இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுகிறது என்று ஊகிக்க. ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது, ஒமெப்பிரசோல் 20 மி.கி. போன்ற, அமிலத்தைக் குறைக்கும் ஒரு குளிசையைச் சரியான நேரத்தில் 4 முதல் 8 கிழமை கொடுத்துப் பார்ப்பது. ஆண், ஐம்பது தாண்டியவர், வயிறு பருத்தவர், முன்னர் புகைத்தவர், பல வருட நெஞ்செரிவு என்றால் ஒரு தரமான எண்டொஸ்கோப்பியும் (வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) தேவை. இவருக்கு இத்தனையும் பொருந்தும்.

ஆனால் அவர் முதலில் காசு கட்டியது வயிற்று ஸ்கானுக்கு. ஈரலையும் பித்தப்பைக் கல்லையும் ஸ்கானில் பார்க்கலாம். அமிலம் ஏறுவதையோ உணவுக்குழாயின் உள்தோல் புண்ணையோ அது காட்டாது. ‘ஸ்கான் நோர்மல், பயப்பிட ஒண்டுமில்லை’ என்ற ஆறுதலில் ஒரு வருடம் போயிற்று.

அடுத்தது அந்தக் ‘கஸ்ரைற்றிஸ் பக்கேஜ்’, அதாவது இரைப்பையின் உள்தோல் அழற்சி என்று சொல்லி ஒன்றாகக் கட்டி விற்கும் பரிசோதனைகள். அதற்குள் முக்கிய சாமான், எச். பைலோரி கிருமிக்கான இரத்தப் பரிசோதனை. இது பிறபொருளெதிரியை, அதாவது அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு எப்போதோ உண்டாக்கியதைத்தான் காட்டும். கிருமி இப்போது உள்ளே இருக்கிறதா, முன்னர் வந்து போய்விட்டதா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. இவருக்குப் ‘பொசிற்றிவ்’ வந்தது. கிளாரித்ரோமைசின் 500 மி.கி., அமொக்சிசிலின் 1 கிராம், கூடவே அமிலக் குளிசை, நாளுக்கு இரு தடவை, 14 நாள். முடிந்ததும் அதே இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, ‘இன்னும் போகேல்லை’ என்று இரண்டாம் சுற்று. பிறகு மூன்றாம் சுற்று. அந்தப் பரிசோதனை, கிருமி செத்த பிறகும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பொசிற்றிவாகவே நிற்கக்கூடியது. மருந்து வேலை செய்ததா என்று பார்க்க வேண்டுமானால், அன்ரிபயோற்றிக் முடிந்து குறைந்தது 4 கிழமையும், அமிலக் குளிசை நிறுத்தி 2 கிழமையும் கழித்து, மலப் பரிசோதனை அல்லது மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். அவர்கள் அதைச் செய்யவே இல்லை. அதைவிட முக்கியம்: எச். பைலோரி இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான கிருமி. அமிலம் மேலே ஏறுவதற்கு அது காரணம் இல்லை. மூன்று சுற்று அன்ரிபயோற்றிக்கும் இவருடைய நெஞ்செரிவுக்கு உரிய மருந்தே அல்ல.

இந்தச் சுற்றுகளுக்கு நடுவிலும் அவருக்கு ரபெப்பிரசோல் என்ற அமில மருந்தும், டொம்பெரிடோன் என்ற வாந்தி, குமட்டல் மருந்தும் சேர்ந்த ஒரே கப்சூல் எழுதப்பட்டிருக்கிறது. பையில் எங்களை மிகவும் பயப்படுத்திய துண்டு இதுதான். கிளாரித்ரோமைசின் உடம்பில் டொம்பெரிடோனின் அளவைக் கூட்டும். இரண்டுமே இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குழப்பக்கூடியவை. இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கவே கூடாது. டொம்பெரிடோன் தேவைப்பட்டாலும் 10 மி.கி. வீதம் நாளுக்கு மூன்றுக்கு மேல் போகாமல், ஒரு கிழமைக்குள் நிறுத்துவதுதான் முறை. இவர் அந்தக் கப்சூலை மூன்று வருடம் குடித்திருக்கிறார். பாதி நாள் துண்டும் இல்லாமல் பாமசியிலேயே வாங்கியிருக்கிறார். உங்கள் வீட்டுக் கப்சூல் மட்டையைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு மருந்துப் பெயர் இருந்தால், இரண்டாவது எதற்கு என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

அதையும் அவர் குடித்தது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. துண்டில் நேரம் எழுதவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இந்த வகைக் குளிசைகள் அமிலம் சுரக்கும் பம்புகளைப் பூட்டுபவை. சாப்பாடு வரும்போது வேலை செய்யத் தொடங்கும் பம்பைத்தான் அவற்றால் பூட்ட முடியும். மருந்து இரத்தத்தில் நிற்பதோ சில மணித்தியாலந்தான். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில், தண்ணியோடு முழுசாக விழுங்க வேண்டும். கப்சூலை உடைத்துப் பாலில் கரைத்தால் உள்ளே இருக்கும் மணிகளின் பூச்சு போய், மருந்தை இரைப்பை அமிலமே அழித்துவிடும். முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாள் எடுக்கும், நெஞ்சு எரியும் நேரத்தில் மட்டும் ஒன்று போடுவதில் பிரயோசனம் குறைவு. நேரத்தைத் திருத்தாமல் இவருக்கு மருந்தின் பெயரை மட்டும் நாலு தரம் மாற்றியிருக்கிறார்கள்.

பிறகு எண்டொஸ்கோப்பி. ரிப்போட்டில் ஒன்றரை வரி: ‘இலேசான கஸ்ரைற்றிஸ், டியோடினம் (சிறுகுடலின் தொடக்கம்) நோர்மல்.’ உணவுக்குழாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. படம் இல்லை, பரிசோதனைக்குத் தசைத்துண்டு எடுக்கவில்லை. அன்று அவர் கப்சூலை நிறுத்தாமல் போயிருந்தார், நிறுத்தச் சொல்லவும் இல்லை. நோயை உறுதிப்படுத்தத்தான் பார்க்கிறீர்கள், ஆபத்தான அறிகுறியும் இல்லை என்றால், வைத்தியரின் சொற்படி 2 முதல் 4 கிழமை அமிலக் குளிசையை நிறுத்திப் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் புண் ஆறி மறைந்திருக்கும்.

காசு கட்டும் முன் கேட்டு வையுங்கள், ரிப்போட்டில் இவை வர வேண்டும்: உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்கும் இடம் பல்லிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறி நிற்கிறதா (ஹயற்றஸ் ஹேர்னியா), புண் இருந்தால் லொஸ் ஏஞ்சலிஸ் முறைப்படி ஏ, பி, சி, டி எந்தத் தரம் (ஏ இலேசு, டி மிகக் கடுமை), தசைத்துண்டு எங்கிருந்து எத்தனை, கூடவே படங்கள். பி அல்லது அதற்கு மேல் என்றால் நோய் உறுதி. ஏ மட்டும் என்றால் அது போதிய சாட்சி இல்லை, 24 மணித்தியால அமில அளவீடு தேவைப்படலாம். ‘கஸ்ரைற்றிஸ்’ என்ற ஒற்றைச் சொல் எரிவுக்கு விளக்கம் ஆகாது.

நாலாம் வருடம் புட்டு நெஞ்சுக்குள் நிற்கத் தொடங்கியது. முதலில் இறைச்சி, பிறகு புட்டு, பிறகு பாண். அவர் போய்ச் சொன்னார். ‘காஸ்’ என்று பாணி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். விழுங்கக் கஷ்டம் என்று ஒருவர் சொன்னால் அது அன்றோடு காஸ் இல்லை. விழுங்கும்போது நோ, காரணமில்லாமல் மெலிவு, கறுத்த மலம், இரத்த வாந்தி, இரும்புச்சத்துக் குறைந்த சோகை, இவற்றில் எது வந்தாலும் குளிசை மாற்றிக்கொண்டு காத்திராமல் உடனே எண்டொஸ்கோப்பிக்கு ஒழுங்கு செய்ய வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஒரு இறைச்சித் துண்டு சிக்கி, எச்சிலும் விழுங்க முடியாமல் அவர் அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

அங்கே கண்டது டி தரப் புண்ணும், அமிலம் சுட்டுச் சுட்டு வடுவாகிச் சுருங்கிய உணவுக்குழாயும். உட்புற அகலம் 13 மில்லிமீற்றருக்குக் கீழ் போனால் கட்டிச் சாப்பாடு சிக்கத் தொடங்கும். தசைத்துண்டு எடுத்துப் புற்று இல்லை என்று பார்த்த பிறகு, பல அமர்வுகளில் படிப்படியாக விரித்தார்கள். ஒரே நாளில் முழுதாக விரித்தால் கிழிந்துவிடக்கூடும். விரித்து வீட்டுக்கு வந்த பிறகு கடும் நெஞ்சு நோ, காய்ச்சல், கழுத்துத் தோலை அழுத்தும்போது நொறுநொறுப்பு இருந்தால் இரவென்றும் பாராமல் திரும்பப் போக வேண்டும், அது ஓட்டை விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம். விரித்த கையோடு அமிலக் குளிசையை விட்டால் திரும்பச் சுருங்கும்.

எட்டுக் கிழமை குளிசை குடித்துப் புண் ஆறிய பிறகு இரண்டாம் தரம் பார்த்தபோது, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் 2 சென்ரிமீற்றருக்கு உள்தோல் மாறியிருந்தது, பரெற் என்ற நிலை. சி, டி தரப் புண்ணுக்கு இந்த இரண்டாம் பார்வை கட்டாயம். புண் இருக்கும்போது பரெற் மறைந்து நிற்கும். இது புற்றுநோய் இல்லை, புற்றாக மாறுவது வருடத்துக்கு 200 பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், குளிசை தொடர வேண்டும். அந்த முதல் எண்டொஸ்கோப்பியில் உணவுக்குழாயை ஒழுங்காகப் பார்த்து எழுதியிருந்தால் இந்தச் சுருக்கம் வரை வந்திருக்காது என்பது எங்கள் துணிந்த கருத்து.

இரவில் அமிலம் ஏறுவதைக் குறைக்க, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழ் 15 முதல் 20 சென்ரிமீற்றர் கட்டை வையுங்கள். தலையணை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் கூடும். சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் படுக்காதீர்கள், படுத்தால் இடப்பக்கம். பிரஷருக்கு நிஃபெடிபின், அம்லோடிபின் போன்றவை குடிப்பவர்களுக்குச் சிலவேளை நெஞ்செரிவு கூடும், தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் குளோபிடோகிரல் குடிப்பவர்களுக்கு ஒமெப்பிரசோல், எசொமெப்பிரசோல் வேண்டாம், பன்ரொப்பிரசோல் கேட்கலாம். நெஞ்சு இறுக்கம் நடக்கும்போது வந்து நின்றால் குறைகிறதா, வேர்வையோ இடக்கை உளைவோ சேருகிறதா, அதை நெஞ்செரிவு என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். சலரோகம் உள்ளவருக்கு இந்த அடையாளங்கள் மங்கலாகவும் இருக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிட்டு ஈசீஜீ எடுங்கள்.

குடும்பத்தினர் இப்போது தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறை சபைக்கு எழுத்தில் முறைப்பாடு தயாரிக்கிறார்கள். அதற்குப் பயன்பட்டது அந்தச் சொப்பிங் பைதான். ஒவ்வொரு துண்டிலும் திகதி இருக்கிறது, மருந்தின் பெயரும் அளவும் இருக்கிறது. முதல் எண்டொஸ்கோப்பியின் படங்களைக் கேட்டு இரண்டு தரம் நிலையத்துக்குப் போனார்கள். இன்னும் கொடுக்கவில்லை.