கல்லடிக் குழந்தைகள் கிளினிக்: தெரிவில்லாத தடுப்பூசிச் சேவை

மட்டக்களப்பு கல்லடிப் பக்கத்தில் மகனுக்குத் தடுப்பூசி போடும் அரச கிளினிக்கில், எந்தக் கம்பனியின் மருந்து என்பதை வைத்தியர் தீர்மானிப்பதில்லை. 2, 4, 6 மாதங்களில் போடப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசி (ஐந்து நோய்களுக்கு எதிரானது), நாடு முழுவதற்கும் அரசு கொள்வனவு செய்து இலவசமாகத் தருவது. அமெரிக்காவில் பொது நிதியில் நடக்கும் திட்டத்தில், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரொட்டா வைரசுக்கு இரண்டு தடவை கொடுக்கும் ‘ரொட்டாரிக்ஸ்’ மருந்தா, மூன்று தடவை கொடுக்கும் ‘ரொட்டாடெக்’ மருந்தா என்பதைப் பல மாநிலங்களில் வைத்தியரே தெரிவு செய்யலாம். இங்கோ ரொட்டா தடுப்பு மருந்து தேசிய தடுப்பூசி அட்டவணையிலேயே இல்லை; விரும்பும் பெற்றோர் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் பெற வேண்டும்.

தெரிவின்மை எனக்குக் குறையாகப் படவில்லை. ஒரே வகை மருந்து என்பதால் அடுத்த தவணையில் குழப்பமில்லை. குடும்ப நல உத்தியோகத்தர் மருந்தின் தொகுதி இலக்கத்தைப் பிள்ளையின் பதிவேட்டில் கவனமாக எழுதுகிறார், ஊசி போட்டபின் இருபது நிமிடமாவது இருக்கச் சொல்கிறார். ஆனால் நியூமோகொக்கல் (நிமோனியா போன்றவற்றை உண்டாக்கும் கிருமிக்கு எதிரானது) போன்ற, அட்டவணைக்கு வெளியிலுள்ள தடுப்பூசிகளைப் பற்றி நாமாகக் கேட்டாலன்றி எவரும் வாய் திறப்பதில்லை என்பது பெருங்குறை, வசதியுள்ளவர் மட்டும் தனியார் வைத்தியர் சொல்லி அறிந்துகொள்ளும் நிலை நியாயமானதல்ல.