பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245: ஸ்கேன் போடாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

"பக்கா ஸ்டாக் வண்டி சார், முப்பத்தோராயிரம்தான் ஓடியிருக்கு, சிங்கிள் ஓனர்." விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான். முழுப் பணமும் கைமாறி, ஆர்சியில் பெயரும் மாறிய மூன்றாவது வாரம் டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை எரிந்தது. ஸ்கேன் போட்டால் கியர்பாக்ஸ் மாட்யூலில் (அதைக் கட்டுப்படுத்தும் கணினியில்) பழைய ஃபால்ட், அதாவது கோளாறுப் பதிவு, ஒன்று கிடக்கிறது. அது பதிவானபோது இருந்த ஓட்டம் 58,412 கி.மீ. மீட்டர் காட்டுவதோ 31,900. புரோக்கரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "ஓட்டிப் பாத்துத்தானே வாங்கினீங்க?"

இந்த மாடலைக் குறிவைத்து ஏமாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020இல் இந்தியாவுக்கு வந்தது மொத்தமே 200 வண்டி, ஷோரூம் விலை 35.99 லட்சம். 2025இல் புது ஆர்எஸ் 100 வண்டி மட்டும், 49.99 லட்சத்துக்கு வந்தது. அது கிடைக்காதவர்கள் பழசைத் தேட, ஆறு வருஷ வண்டிக்குக் கூசாமல் விலை சொல்கிறார்கள். குறைந்த ஓட்டம், கை வைக்காத எஞ்சின் என்ற இரண்டு வார்த்தைக்குத்தான் அந்தக் கூடுதல் பணம். பொய்யும் சரியாக அந்த இரண்டிலும்தான்.

மீட்டரை இறக்குவது பழைய வித்தை. ரீமேப்பை, அதாவது பவரைக் கூட்ட எஞ்சின் மென்பொருளை மாற்றியதை, மறைப்பதுதான் ஆபத்தானது. கம்பெனி கொடுத்தது 245 பிஎஸ், 370 என்எம். ஸ்டேஜ் 1 என்ற முதல் கட்ட ரீமேப் போட்டால் 300 பிஎஸ் பக்கம் போகும், டார்க்கும் கூடவே ஏறும். கூடுதல் டார்க்கைத் தாங்குவது டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வெட் கிளட்ச் (எண்ணெயில் ஓடும் கிளட்ச்) தட்டுகள். இரண்டு வருஷம் அப்படி ஓட்டிவிட்டு, விற்கும் முன் கம்பெனி மென்பொருளான ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றி, டர்போவுக்குப் பின்னால் வரும் புகைக்குழாயான டவுன்பைப்பை மாற்றியிருந்தால் அதையும் கழற்றிப் பழைய கேட்டலிஸ்டை மாட்டிவிடுவார்கள். எஞ்சின் சாதுவாகிவிடும், தேய்ந்த கிளட்ச் தேய்ந்ததுதான்.

பார்க்கப் போகும்போது விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் என்ற ஸ்கேன் கருவி வைத்திருக்கும் ஆளைக் கூட்டிப் போங்கள். எஞ்சின் மட்டும் போதாது; கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் என எல்லா மாட்யூலையும் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஃபால்ட்டுகளோடு அது விழுந்த கி.மீ. பதிவாகியிருக்கும், மீட்டரைவிட அதிகமாக ஒன்று இருந்தாலே கதை முடிந்தது. ஒரு ஃபால்ட்கூட இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். ஃபால்ட் கோட் அழித்த பிறகு ஓடிய தூரத்தைச் சாதாரண ஓபிடி டாங்கிளே காட்டும். அது 40 கி.மீ. என்று இருந்தால் முந்தாநாள் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எஞ்சினின் கணினியான இசியுவில் எத்தனை தடவை ஃபைல் ஏற்றினார்கள் என்ற கணக்கும் இருக்கும். மென்பொருளை மாற்றிய வண்டிக்குக் கம்பெனி போடும் டிடி1 குறி அதன் சர்வரில் விழுந்திருந்தால், ஸ்டாக் ஃபைல் போட்டாலும் அது தானாகப் போகாது. வாரண்டி எப்படியும் முடிந்த வண்டிதான், ஆனால் டியூன் போட்டதற்குச் சாட்சி அது.

கையால் பார்க்க வேண்டியதும் உண்டு. டவுன்பைப் கிளாம்ப் நட்டில் புது ஸ்பேனர் தடம், ஏர்பாக்ஸில் காணாமல் போன ஸ்க்ரூ, உடைந்த இக்னிஷன் காயில் கிளிப்: எல்லாம் யாரோ கை வைத்ததற்கு அடையாளம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நம்பரைப் படியுங்கள். கம்பெனி பிளக்குக்குப் பதில் அதைவிடக் கோல்டு பிளக் (சூட்டை வேகமாக வெளியேற்றும் வகை) இருந்தால் டியூனுக்காக மாற்றியது. தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளாஸ்டிக். கீழே காய்ந்த கூலண்ட் கறை இருந்தால் செலவு காத்திருக்கிறது. டெஸ்ட் டிரைவில் எஞ்சின் சூடான பிறகு மேனுவல் மோடில் நாலாவது கியர், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர். ஆர்பிஎம் துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. அதற்குமேல் பேரம் பேசக்கூட வேண்டாம்.

சர்வீஸ் ஹிஸ்டரியை வாட்ஸ்அப் பிடிஎஃப்பாக வாங்காதீர்கள். ஆர்சியில் பெயர் உள்ளவரையே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வரச்சொல்லி, உங்கள் கண்முன் பிரின்ட் எடுக்க வையுங்கள். ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டும் கேளுங்கள், இதை யாரும் கேட்பதில்லை. மாதம் இரண்டு தடவை கோவை–சென்னை போய்வந்த வண்டி வருஷத்துக்கு 24,000 கி.மீ. ஓடியிருக்கும், மீட்டர் என்ன சொன்னாலும். "ஓனர் ஃபாரின்ல இருக்கார்" என்றால் கிளம்பிவிடுங்கள்.

டோக்கன் அட்வான்ஸைப் பத்தாயிரத்தோடு நிறுத்துங்கள், அதுவும் வங்கிக் கணக்கு வழியாக. ஓட்டம் இவ்வளவு, இசியு மாற்றப்படவில்லை, இரண்டில் எது பொய்யானாலும் பணம் திருப்பித் தரப்படும் என்று டெலிவரி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ஃபால்ட்டை அழிக்காதீர்கள்; ஆட்டோ ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேதியோடு சேமியுங்கள். விளம்பர ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள், அதை விற்றவர் எப்போது வேண்டுமானாலும் நீக்குவார். டீலரிடம் வாங்கியிருந்தால் நோட்டீஸ் அனுப்பிவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள். தனிநபரிடம் வாங்கியிருந்தால் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 318ஆவது பிரிவான மோசடியின் கீழ் போலீஸ் புகாரும் சிவில் வழக்கும்தான் வழி, இழுத்தடிக்கும்.